வாரிசு இல்லாமல் போன ஏரி

தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் நுங்கம்பாக்கத்தின் தென்மேற்கிலும் குடியிருக்கும் நம்மில் பலர் ஓர் ஏரியின் உள்வாயில்தான் அடுப்பு மூட்டுகிறோம், கோலம் போடுகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அந்த ஏரி உயிரை விடத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வீட்டில் பெரியவர் போய்விட்டால் அவர் படுத்திருந்த கூடத்திலேயே பிறந்து வளர்ந்து, அவர் முகம் அறியாமலே அவர் பெயரைச் சுமக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா, நாம் அப்படிப்பட்டவர்கள். அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை யாராவது ஒருநாள் செய்யத்தான் வேண்டும்.

வடக்கே கூவம், தெற்கே அடையாறு, இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடந்தது அது. பழைய ஆங்கிலேய வரைபடங்களில் அதற்கு லாங் டேங்க் என்று பெயர். வடபகுதியை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தென்பகுதியை மயிலாப்பூர் ஏரி என்றும் குறித்தார்கள். மாம்பலத்துக்காரர்களுக்கு அது மாம்பலம் ஏரி. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை நோக்கி மவுண்ட் ரோட்டில் வண்டி கட்டிப் போனவர்களுக்கு வலக்கைப் பக்கம் கரையும், கரைக்கு அப்பால் நீரும் துணையாக வந்தன. தொண்டை மண்டலத்து ஏரிகளின் குலத்தில் பிறந்தது. இந்த மண்டலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது; ஐப்பசி கார்த்திகையில் வானம் கொட்டுவதைத் தேக்கி வைத்துக்கொண்டால்தான் பங்குனி வரை உயிர் தரிக்கலாம்; அதனால் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரியும் இடங்களில் எல்லாம் முன்னோர் பிறை வடிவில் கரை போட்டார்கள், ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்கு வரத்தாகும்படி சங்கிலி கோத்தார்கள். இந்தக் கரையை முதலில் யார் போட்டார்கள், எந்த ஆண்டு என்று சொல்ல ஆதாரம் என்னிடம் இல்லை. நுங்கம்பாக்கம் சோழர் காலச் செப்பேட்டிலேயே இடம்பெற்ற ஊர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஊர் அத்தனை பழையது என்றால் ஊருக்குச் சோறு போட்ட நீரும் வயதில் இளையதாக இருந்திருக்க முடியாது. 1708-இல் நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஐந்து ஊர்களில் நுங்கம்பாக்கமும் ஒன்று. அப்போது வந்தவர்கள் கண்டது நெல் விளையும் ஒரு நாட்டுப்புறத்தை.

அந்த ஏரி செய்த ஊழியத்தை எங்கிருந்து தொடங்குவது? மதகு திறந்தால் கிழக்கே ஆயக்கட்டு நனைந்தது, அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கணக்கில் ஏறாத கொடைகள் இருந்தன. கோடையில் நீர் வற்றியபோது அடியில் படிந்த வண்டலை மாட்டுவண்டியில் அள்ளி வயலுக்கு அடித்தார்கள். ஏரிக்கும் ஆழம், வயலுக்கும் உரம். நீர் இறங்க இறங்க ஓரத்தில் புல் முளைத்தது, மாடு மேய்ந்தது. கடைசியில் மீன்பிடி. கோரை அறுத்தவர், அல்லிக்கிழங்கு தோண்டியவர், துணி வெளுத்தவர், களிமண் எடுத்துச் சட்டிபானை வனைந்தவர் என்று அதை நம்பிப் பிழைத்த குடிகளுக்குப் பட்டா இல்லை, அதனால் ஏரியைக் கைவிடும்போது அவர்களைக் கேட்க வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இருக்கவில்லை. பனிக்காலத்தில் சிறகிகளும் நாமக்கோழிகளும் வந்து இறங்கும் நீர்ப்பரப்பாக அது இருந்திருக்கும். தொண்டை மண்டலத்தின் எந்த நிறைந்த ஏரியும் அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப்போட்டி நடத்தினார்கள் என்றும் ஊர் வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கண்ணிலும் படாமல் அது செய்துவந்த வேலை ஒன்று உண்டு. மழை வலுக்கும்போது ஊருக்கும் வெள்ளத்துக்கும் நடுவே அது நின்றது. மேற்கிலிருந்து வரும் நீரை வாங்கி, நாள் கணக்கில் தன்னிடம் வைத்திருந்து, ஊர் தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மீதியை மண்ணுக்குள் இறக்கியது. இந்த வேலைக்குக் கூலி இல்லை, பெயர் இல்லை, நில ஆவணத்தில் பத்தி இல்லை. அது போனபோது மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு மாற்று கிடைத்தது. நெல் வேறு ஊரிலிருந்து வந்தது, குடிநீர் செங்குன்றத்திலிருந்து குழாயில் வந்தது. இந்த வேலைக்கு மட்டும் இன்றுவரை வாரிசு இல்லை.

அதன் மரணத்துக்குக் கொடியவர் யாரும் காரணம் இல்லை என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர் பெருகியது. 1921-இல் 5.27 லட்சம் பேர் இருந்த சென்னையில் 1931-இல் 6.47 லட்சம் பேர் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் சந்துகளில் ஒரு வீட்டுக்குள் நான்கு குடும்பம் முடங்கிக் கிடந்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வேண்டும் என்று கேட்டவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வரைந்த பெருந்திட்டங்களில் ஒன்று மாம்பலம் திட்டம். நீதிக்கட்சி ஆண்ட காலம் அது. பனகல் அரசர் முதலமைச்சர். 1920-களின் முற்பகுதியில் கரையை உடைத்து நீரை வடித்தார்கள், உள்வாயில் மண் கொட்டி மேடாக்கினார்கள், நடுவில் ஒரு பூங்கா வைத்து அதிலிருந்து கதிர்போலச் சாலைகளை விரித்தார்கள். 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கும், பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கும் இட்டார்கள். உஸ்மான், பசுல்லா, ஹபிபுல்லா, வெங்கடநாராயணா, ஜி.என். செட்டி என்று நாம் நாள்தோறும் ஆட்டோக்காரரிடம் சொல்லும் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்துப் பொதுவாழ்வினருடையவை. நல்ல எண்ணத்தோடு வரைந்த ஊர், தெருவுக்குத் தெரு மரம் வைத்த ஊர். அந்த வரைபடத்தில் நீருக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கலாமே என்ற எண்ணம்தான் மனத்தை அறுக்கிறது.

ஏரி ஒரே நாளில் போகவில்லை. தென்பகுதி தியாகராய நகரானபின் வடக்கே நுங்கம்பாக்கத்துப் பகுதி பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு கிடந்தது. 1925-இல் அதன் பக்கத்தில் லயோலா கல்லூரி எழுந்தது. பிறகு லேக் ஏரியா என்ற குடியிருப்பு வந்தது. கடைசியாக மிஞ்சிய பள்ளத்தையும் மேடாக்கி 1970-களில் வள்ளுவர் கோட்டம் கட்டினார்கள்; 1976-இல் திறந்தார்கள். அரை நூற்றாண்டு நீண்ட சாவு அது. நீரின்றி உலகம் அமையாது என்று சொன்னவருக்குக் கட்டிய தேர், நீர் நின்ற இடத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் தோன்றுவதில்லை.

இறந்தபின்னும் அது கொடுத்துக்கொண்டிருந்தது. தியாகராய நகரில் அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் பின்கட்டில் கிணறு வெட்டினார்கள். கயிறும் ராட்டினமும் போதும், ஊற்று எட்டிவிடும். தென்னை, மா, முருங்கை, கருவேப்பிலை என்று தோட்டம் தழைத்ததற்கு ஏரி விட்டுச்சென்ற வண்டல்தான் காரணம் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். மேற்கு மாம்பலத்துக்கு வந்த பங்கு வேறு. போக வழியற்ற நீர் சாக்கடைகளிலும் குட்டைகளிலும் தேங்கியது, கொசு பெருகியது, யானைக்கால் நோய்க்குப் பேர்போன பேட்டையாக அது நெடுங்காலம் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் மாம்பலம் என்றதும் காலைப் பார்த்தார்கள் என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏரி உயிரோடு இருந்தபோது ஓடியும் ஊறியும் வாழ்ந்த நீர், வீடு இழந்த பிறகு அப்படி அலைந்தது.

நான் அந்த ஏரியை நேரில் பார்த்தது ஒரு பள்ளத்தில். லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய தனிவீட்டை இடித்து அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மேலே இரண்டடிக்குச் செங்கல் சல்லியும் சுண்ணாம்புக் காரையும். அதன் கீழே ஓர் ஆள் உயரத்துக்கு வெளியூரிலிருந்து வந்த சிவப்பு மண், ஏரியைத் தூர்த்தபோது கொட்டியது. அதற்கும் கீழே மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது கன்னங்கரேல் என்ற களி. அந்தக் களியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி நத்தை ஓடுகள். கொத்தனாருடன் வேலை செய்த பெண் ஒன்றை எடுத்து, ‘எங்க ஊர் ஏரியிலயும் இதே நத்தைதான்க்கா’ என்றார். செய்யாறு பக்கத்துக்காரர். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது பள்ளத்தில் முழங்கால் அளவு தெளிந்த நீர் ஊறி நின்றது. மழையே பெய்யாத மாசி மாதம். மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விட்டார்கள். இறைத்துக்கொண்டே இருந்தார்கள். தெருவில் போன அந்த நீருக்குப் போகும் வழி தெரிந்திருந்தது; தாழ்வான பக்கமாக, பழைய உள்வாயின் சரிவிலேயே அது போயிற்று.

ஏரியின் நேர்வழியில் இன்று எஞ்சியிருப்பது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கித் தியாகராய நகரின் முதுகுப்புறமாக நந்தனம் வந்து அடையாற்றில் சேர்கிறது. ஒரு பேரேரி செய்த வேலையை ஒரு கால்வாயின் தலையில் வைத்தோம், பிறகு அந்தக் கால்வாயையும் இரு பக்கமும் நெருக்கிச் சிறுக்க வைத்தோம், மேலே பலகை மூடினோம், கழிவுநீரை அதில் விட்டோம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது அந்தக் கால்வாயால் நீரை வெளியே தள்ள முடியவில்லை. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி சாலையிலும் விஜயராகவா சாலையிலும் நாள் கணக்கில் நீர் நின்றது. படகில் பால் கொண்டுவந்தார்கள். வெள்ளம் வந்துவிட்டது என்றுதான் நாம் அப்போது சொன்னோம். அந்த இரண்டு வெள்ளங்களுக்கும் நடுவே, 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, இதே தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நள்ளிரவில் காத்திருந்தோம். வைத்துக்கொள்ள ஓர் இடம் இருந்திருந்தால் அந்தக் குடமும் இந்தப் படகும் வேண்டியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

மாம்பலம் ஏரியின் உடன்பிறந்தார் பலர் அதன் வழியே போனார்கள். ஸ்பர் டேங்க் சாலையில் டேங்க் இல்லை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்புக்கே ஏரித் திட்டம் என்று பெயர். ‘ஏரி ஸ்கீம்’ என்றால்தான் பேருந்து நடத்துநருக்கும் புரியும். வேளச்சேரி ஏரி கைகால் இழந்து கிடக்கிறது. சேத்துப்பட்டு ஏரி தப்பிப் பிழைத்து, இப்போது பூங்காவும் படகுமாக இருக்கிறது. அதன் கரையில் நடக்கும்போது நம் ஏரியின் சாயலைக் கொஞ்சம் காணலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு, சுற்றுவட்டத்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் வடிகாலாக இருந்த பெரும்பரப்பு, குப்பைமேட்டுக்கும் சாலைகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் பங்கு கொடுத்துக் கொடுத்துச் சுருங்கி, 2022-இல்தான் 1,248 ஹெக்டேர் பரப்போடு உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் ஓரத்திலேயே பெரும்பாக்கத்தில், கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை இழந்த ஏழைகளை அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தோம். ஒரு நீர்க்கரையிலிருந்து வெள்ளத்துக்குப் பயந்து எழுப்பப்பட்டவர்களை இன்னொரு நீரின் வாயில் உட்கார வைத்தது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? வீட்டைத் தேடி மழைக்காலந்தோறும் நீர் வராத இடம் அவர்களுக்கு வேண்டாமா?

இந்தக் கட்டுரையை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் தங்கை தாம்பரத்துக்கு அப்பால் குடியிருக்கிறாள். அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது. ஏரிக்கும் தெருவுக்கும் நடுவே விட்டுப்போன நஞ்சை. அந்த நஞ்சையை வேளாண் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக வகை மாற்றப் போவதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தெரிவிக்கலாம் என்றும் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. பல நூறு வீடுகள் வரப்போகும் இடம். தெருக்காரர்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக் கூடத்தில் கூடினார்கள். போயிருந்தேன். பத்து வருடம் முன்பு அவர்களே இப்படி ஒரு மனையில் வந்து குடியேறியவர்கள்தான், அது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் பேச்சில் ஒரு தயக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இப்போதே இடம் இல்லை என்றார் ஒருவர். ரயில்வே கேட்டில் காலையில் நிற்கும் வரிசையைச் சொன்னார் இன்னொருவர். பாதாளச் சாக்கடை வரவில்லை, கழிவுநீர் லாரியை நம்பி இருக்கிறோம் என்றார்கள். இவையெல்லாம் எங்கும் சொல்லும் குறைகள், நியாயமானவை, காலப்போக்கில் தீரக்கூடியவை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியாக இருந்தவரின் மகன், புல வரைபடத்தின் நகலை மடியிலிருந்து எடுத்து விரித்தார். நஞ்சையின் நடுவே இரட்டைக் கோடாக ஓடியதை விரலால் காட்டினார். ‘இதுதாம்மா கலங்கல் கால்வா. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல ஏரி நெரம்பி இது வழியாத்தான் போச்சு. இது மேல வீடு கட்டினா, அது எங்க போவும்?’

கூடத்தில் எவருக்கும் பதில் தெரியவில்லை. மாம்பலத்துக் கரையை உடைத்த நாளில் இதே கேள்வியை அங்கே ஒரு நீர்க்கட்டி கேட்டிருப்பார். கேட்க ஓர் அறிவிப்பும் அதற்கு ஒரு கெடுவும் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

அன்று இரவு மனு எழுதினார்கள். எழுத உதவினேன். வீடு கட்டவே கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. கலங்கல் கால்வாயும் வரத்துக் கால்வாயும் வருவாய்த் துறை ஆவணத்தில் உள்ள முழு அகலத்தோடு மனைப்பிரிவு வரைபடத்தில் வரவேண்டும். ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்தை அளந்து, அதற்குக் கீழே வரும் நிலத்தில் மனை பிரிக்கக் கூடாது. 2015-இல் நீர் எந்தச் சுவரில் எந்த உயரத்துக்கு நின்றது என்று தெருவாரியாகக் குடியிருப்போர் கொடுக்கும் குறிப்பைக் கோப்பில் சேர்க்க வேண்டும். அங்கே வாங்கப்போகிறவர்களுக்கு இந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதை என் தங்கைதான் சேர்த்தாள். வரப்போகிறவர்களும் கடன் வாங்கித்தானே வருவார்கள், நமக்குச் சொல்ல ஆள் இல்லை, அவர்களுக்காவது சொல்லலாம் என்றாள்.

பெரியவரின் புல வரைபடத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறார்கள். கையெழுத்து வாங்கும் வேலை தெருத்தெருவாக நடக்கிறது. ஆட்சேபணை கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.